பன்னிரண்டு தாத்தாக்களும் ஓர் ஊசியும்

'60 வயதில் 40 போல் தெரிய வேண்டுமா? தொப்பை கரையும்... தசை ஏறும்... தோல் சுருக்கம் ஓடிப்போகும்!' இப்படி ஒரு விளம்பரத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பக்கத்தில் நரைத்த தலையும் சிக்ஸ்பேக்குமாக ஒரு மாமா சிரிச்சுட்டு நிற்பார். கீழே பொடி எழுத்தில் 'ஹெச்.ஜி.ஹெச்.' என்று இருக்கும். ஹியூமன் குரோத் ஹார்மோன். நம்ம பாஷையில் வளர்ச்சி ஹார்மோன்.

இந்த மாமாக்கள் எல்லோருக்கும் பூர்வீகம் ஒண்ணுதான் மக்களே. 1990 ஜூலை 5-ம் தேதி 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேனியல் ருட்மனும் அவரோடு வேலை பார்த்தவர்களும். ஆராய்ச்சியில் இருந்தவர்கள் மொத்தம் 21 தாத்தாக்கள், 61-லிருந்து 81 வயது வரை. அதில் ஊசி போட்டுக்கொண்டது 12 பேர். ஆமா பாஸ், பன்னிரண்டே பேர்! எங்க கிளாஸ் கடைசி பெஞ்ச் கோஷ்டியே அதைவிடப் பெருசு.

அந்தப் பன்னிரண்டு பேரை வைத்து ஓர் உலக வியாபாரமே எழும்பி நின்ற கதைதான் இந்த வாரம்.

முதலில் இந்த ஹார்மோன் யார், எங்கே குடியிருக்கார்னு பார்த்துடுவோம். மூளைக்கு அடியில் பட்டாணி சைஸில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் வீடு. 191 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு புரதச் சங்கிலி. ரத்தத்தில் இறங்கி, ஈரலைத் தட்டி எழுப்பி, 'ஐ.ஜி.எஃப்-1' என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கும். எலும்பு நீள்வது, தசை கட்டுவது, கொழுப்பை எரிப்பது என்று பாதி வேலையை இவரும், மீதியை அவரும் பார்த்துக்கொள்வார்கள்.

நான் படிப்பது இ.சி.இ. அதனால் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. இந்த ஹார்மோன் குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீராக வருவதில்லை; பல்ஸ் பல்ஸாக வரும். நாள் பூராவும் சின்னச் சின்ன பல்ஸ். ராத்திரி தூங்க ஆரம்பிச்சு, அந்த முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான் பெரிய பல்ஸ். (செமஸ்டர் நேரத்தில் விடிய விடிய முழிச்சிருக்கும் மக்கள் கவனிக்க!) ஏற்றுவதற்கு ஒரு சிக்னல், இறக்குவதற்கு ஒரு சிக்னல், மேலே ஃபீட்பேக் லூப். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வரும் பிளாக் டயகிராமேதான். ஊசி போட்டால் இந்த பல்ஸ் கணக்கெல்லாம் அவுட். மணிக்கணக்கில் அளவு மேலேயே நிற்கும். உடம்பு ஏசி சிக்னல் கேட்குது, நாம டிசி கொடுக்கிறோம்.

வயசுக்கு வரும் பருவத்தில் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அப்புறம் இறங்குமுகம். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் சுமார் 14 சதவிகிதம் குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதே காலகட்டத்தில்தான் தொப்பை வருது, தசை கரையுது, தோல் தளருது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தால் யாருக்கும் ஒரு ஐடியா தோணும்... குறையறதை வெளியிலிருந்து ஊத்தினா என்ன?

தோணினது தப்பில்லை. ஆனால் 1985 வரைக்கும் ஊத்துவதற்குச் சரக்கே கிடையாது.

ஏன்னா, இன்சுலின் மாதிரி பன்றியிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ எடுத்துப் போட முடியாது. அவங்க வளர்ச்சி ஹார்மோன் நம்ம உடம்பில் வேலை செய்யாது. மனுஷனுக்கு மனுஷன்தான் தரணும். அதுவும் செத்த மனுஷன்! 1950-களில் சோ ஹாவ் லீ என்ற விஞ்ஞானி மனித ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1958-ல் பாஸ்டனைச் சேர்ந்த மாரிஸ் ரேபன், பிணங்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைக் கொடுத்து, குள்ளமாகவே நின்றுபோயிருந்த 17 வயசுப் பையன் ஒருத்தனை வளர வைத்தார். அதிசயம்தான். 1963-ல் அமெரிக்க அரசு இதற்கென்றே 'நேஷனல் பிட்யூட்டரி ஏஜென்சி' என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தது. பிரேதப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து, ஹார்மோன் எடுத்து, நிஜமாகவே குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கொடுப்பதுதான் வேலை. சுமார் 7,700 பேருக்குக் கொடுத்தார்கள்.

1985-ல் குண்டு வெடித்தது. சின்ன வயசில் ஊசி போட்டு வளர்ந்த இளைஞர்கள், இருபதுகளிலும் முப்பதுகளிலும் நடக்கும்போது தடுமாறி, பேச்சு குழறி, சில மாசங்களில் இறந்துபோனார்கள். நோயின் பேர் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப். மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். மருந்து கிடையாது, அன்றைக்கும் இன்றைக்கும். யாரோ ஒருவரின் பிட்யூட்டரியில் இருந்த கோணல் புரதம், பல பேர் சுரப்பிகளை ஒண்ணாக் கலந்து காய்ச்சும்போது எல்லா பாட்டிலுக்கும் போயிருக்கிறது. உலகம் முழுக்க 200 பேருக்கு மேல் இப்படிச் செத்தார்கள். பாதிக்கு மேல் ஃபிரான்ஸ் நாட்டில். அவ்வளவோடு முடியலை. 2024 ஜனவரியில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்ன வயசில் அதே பிண ஹார்மோன் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்து அல்சைமர் நோய் வந்திருக்கிறதாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூடின ஃபைல்... இன்னும் முடியவில்லை.

அமெரிக்காவில் 1985 ஏப்ரலில் பிண ஹார்மோன் நிறுத்தப்பட்டது. அதே அக்டோபரில் ஜெனென்டெக் கம்பெனியின் புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மனித ஜீனை ஈ-கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது. பிணமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆனால் கூடவே இன்னொண்ணும் நடந்தது. அதுவரைக்கும் சரக்கு பற்றாக்குறைங்கிறதால குறைபாடுள்ள குழந்தைக்கு மட்டும்தான் ஊசி. இனிமேல் டேங்க் டேங்காகக் காய்ச்சலாம். சரக்கு நிறைய, குழந்தைகள் கொஞ்சம். மீதியை யார் வாங்குவா?

அஞ்சு வருஷம் கழித்து ருட்மன் கட்டுரை வந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடணும். தேவைப்பட்டவங்களுக்கு இது உண்மையிலேயே அருமையான மருந்து. சாட்சிக்கு ஒரு பேர் போதும்: லயோனல் மெஸ்ஸி. அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்ச் சிறுவனுக்குப் பத்து, பதினோரு வயசில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று தெரிந்தது. ராத்திரியானால் காலில் ஊசி. மாசச் செலவு குடும்பத்தால் தாங்க முடியாத அளவு. 2000-ல் பார்சிலோனா கிளப் அவரைத் தேடி எடுத்து, சிகிச்சைச் செலவையும் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 14 அன்று பேப்பர் நாப்கினில் எழுதின அந்த ஒப்பந்தம் ரொம்ப ஃபேமஸ். அவர் வளர்ந்து நின்றது 170 சென்டிமீட்டர். ஊசி அவரை ராட்சதன் ஆக்கலை. எல்லோரையும் போல ஆக்கியது. அதுதான் அந்த மருந்தின் வேலை. பிட்யூட்டரியில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனவர்கள், டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தைகள், சிறுநீரகம் பழுதாகி வளர்ச்சி நின்ற பிள்ளைகள் என்று டாக்டர்கள் கொடுக்கும் பட்டியல் தெளிவாக இருக்கு. 'வயசாயிடுச்சு' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போ தாத்தாக்களிடம் போவோம். ருட்மன் எடுத்த 21 பேருமே ஆரோக்கியமானவர்கள்தான், ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 மட்டும் குறைவு. 12 பேருக்கு வாரம் மூணு ஊசி, ஆறு மாசம். ஒன்பது பேருக்கு ஒண்ணும் இல்லை. ரிசல்ட்: கொழுப்பில்லாத உடல் எடை 8.8 சதவிகிதம் ஏறியது. கொழுப்பு 14.4 சதவிகிதம் இறங்கியது. தோலின் தடிமன் 7.1 சதவிகிதம் கூடியது. முதுகெலும்பின் அடர்த்திகூட 1.6 சதவிகிதம் ஏறியது. இந்த மாற்றங்களின் அளவு, பத்து முதல் இருபது வருஷ முதுமையில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமம் என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் கட்டுரையில் இருந்தது.

அந்த ஒரு வாக்கியம் போதாதா? 'இருபது வயசு குறையும்' என்று விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கொழுப்பின் அளவும் தோலின் தடிமனும் எவ்வளவு மாறின என்பதுதான் ருட்மன் சொன்ன கணக்கு. ஆளுக்கு இருபது வயசு குறைஞ்சதுன்னு அவர் சொல்லவே இல்லை. பழைய வண்டிக்குப் புது பெயின்ட் அடிச்சு, 'பெயின்ட் இருபது வருஷம் புதுசு' என்று ஒருத்தர் சொன்னால், 'எஞ்சினும்தான்' என்று புரோக்கர் சேர்த்துக்கொண்ட மாதிரி.

கட்டுரையில் இல்லாததைப் பாருங்க, இன்னும் சுவாரஸ்யம். தாத்தாக்கள் எவ்வளவு வெயிட் தூக்கினார்கள், எவ்வளவு வேகமாக மாடிப்படி ஏறினார்கள்... எதையுமே அளக்கவில்லை. எங்க லேபில் மோட்டார் வெயிட்டை மட்டும் போட்டுட்டு, டார்க் எவ்வளவுன்னு காட்டாமல் ரெக்கார்ட் நோட்டை நீட்டினால் சார் தூக்கி எறிவார். அப்புறம், ஊசி போடாத ஒன்பது பேருக்கு டம்மி ஊசிகூடக் கிடையாது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லைன்னு எல்லோருக்குமே தெரியும். ஊசிக் கோஷ்டிக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியதும் அதே கட்டுரையில் இருக்கு. அதை எந்த விளம்பரமும் பிடிச்சுக்கலை.

ருட்மனை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. 1993-ல் அவர் பேரும் சேர்ந்து வந்த இன்னொரு கட்டுரையின் தலைப்பிலேயே பக்க விளைவு இருக்கிறது. ஊசி போட்ட தாத்தாக்களில் சிலருக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போனது. சிலருக்குப் பெண்களைப் போல மார்பு வீங்கியது. மறைக்காமல் எழுதினார்கள். அடுத்த வருஷம், 1994-ல் ருட்மன் இறந்துபோனார். முதல் கட்டுரை ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாவதை யார் படிச்சா?

பலத்தை அளக்கும் வேலையை வேறொரு கோஷ்டி செய்தது. 1996-ல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ ஆராய்ச்சி. 69 வயசைத் தாண்டிய 52 பேர், பாதிப் பேருக்கு ஹார்மோன், பாதிப் பேருக்கு டம்மி, ஆறு மாசம். தசை எடை 4.3 சதவிகிதம் ஏறியது, கொழுப்பு 13.1 சதவிகிதம் இறங்கியது. ருட்மன் சொன்னது சரிதான் போலிருக்கே! ஆனால் முழங்கால் பலம்? மாற்றம் இல்லை. கைப்பிடி? மாற்றம் இல்லை. கால் வீக்கமும் மூட்டு வலியும் மட்டும் தாராளமாக வந்தது. 2007-ல் இப்படி வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோதும் அதே கதை: ஏறியது சுமார் இரண்டு கிலோ, இறங்கியது சுமார் இரண்டு கிலோ, பக்க விளைவு ஒரு பட்டியல்.

தசை ஏறியும் பலம் ஏறலைன்னா எப்படி? இங்கேதான் மேட்டர். 'கொழுப்பில்லாத எடை' என்பது தசை மட்டுமில்லை. தண்ணீரும் அதில் சேர்த்தி. வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். மிஷின் அதையும் தசைக் கணக்கில் எழுதிவிடும். கால் வீங்குவதும், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதும் இதே தேக்கத்தின் கைவேலைதான்.

'அது தாத்தாக்கள் கதை, நம்ம உடம்பு வேறப்பா' என்று ஜிம் பக்கம் ஒரு குரல் வரும். எங்க ஹாஸ்டலிலும் வந்தது. 'ஜி.ஹெச். போட்டா மூணு மாசத்துல பாடி கல்லு மாதிரி' என்று ஒரு சீனியர் அண்ணன் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். அண்ணா, உங்களுக்காகவே ஓர் ஆராய்ச்சி இருக்கு. 1992-ல் வெளியானது. 16 ஆரோக்கியமான இளைஞர்கள், 12 வாரம் வெயிட் டிரெய்னிங். ஏழு பேருக்கு ஹார்மோன், ஒன்பது பேருக்கு டம்மி. எல்லோருக்கும் பலம் ஏறியது. ஊசி போட்ட கோஷ்டிக்கு அதிகமாக ஏறியதா? இல்லை. கை சுற்றளவு, கால் சுற்றளவு எதிலுமே வித்தியாசம் இல்லை. கூடுதலாக ஏறியது கொழுப்பில்லாத எடையும் உடம்புத் தண்ணீரும்தான். பலம் தந்தது டம்பெல். நியாயமாக ஒண்ணையும் சொல்லணும்: 2010-ல் ஆஸ்திரேலியாவில் சுமார் நூறு பேரை வைத்துச் செய்ததில், குறுகிய தூர ஸ்பிரின்ட் திறன் மட்டும் நாலு சதவிகிதம் போல உயர்ந்தது. பலமோ, தாவும் உயரமோ உயரவில்லை. ஊசியை நிறுத்தினதும் அந்த நாலும் காணாமல் போச்சு. ஆனால் நூறு மீட்டர் ஓட்டக்காரனுக்கு நாலு சதவிகிதம் என்பது மெடலுக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைவிட அதிகம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு இதைத் தடை செய்திருப்பதில் அர்த்தம் இருக்கு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதற்கு ரத்தப் பரிசோதனை வந்தும், முதல் ஆள் மாட்டியது 2010-ல்தான், பிரிட்டனின் ரக்பி வீரர் ஒருவர்.

அப்புறம் எப்பவும் வரும் இன்னொரு சந்தேகம், 'உயரமாவேனா?' மாட்டீங்க. நம்ம வயசில் அநேகமாக எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடியிருக்கும். மூடின பிறகு நீளமாகாது, அகலமாகும். தாடை, மூக்கு, கை, கால் விரல் எல்லாம் தடிக்கும். அக்ரோமெகாலி என்று பேர். பிட்யூட்டரியில் கட்டி வந்து ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் வரும் நோய். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்தவங்களுக்கு கிரேட் காளியைத் தெரியாமல் இருக்காது. 2012-ல் அமெரிக்காவில் அவருக்கு பிட்யூட்டரி கட்டியை அகற்றினார்கள். தட்டு மூடுவதற்கு முன்னாலேயே ஹார்மோன் பெருகினால் ராட்சத உயரம் வரும். அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ 272 சென்டிமீட்டர் இருந்தார். 1940-ல் 22 வயசில் இறந்துவிட்டார். ஹார்மோன் அதிகம் இருந்தால் ஆயுள் கூடும்னா, அக்ரோமெகாலிக்காரர்கள்தான் நூறு வயசு வாழணும். சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், வீங்கின இதயம், சராசரிக்கும் குறைந்த ஆயுள்.

இவ்வளவு தெரிந்தும் வியாபாரம் நின்றதா? 1997-லேயே 'க்ரோ யங் வித் ஹெச்.ஜி.ஹெச்.' என்று புத்தகம் போட்டாச்சு. தலைப்பே 'ஹார்மோனால் இளமையாகு'ன்னு சொல்லுது. வேடிக்கை என்னன்னா, ருட்மன் கட்டுரை வந்த அதே 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டமும் போட்டது. அரசு ஏற்றுக்கொண்ட நோய்க்குத் தவிர வேறு எதற்கும் இந்த ஹார்மோனை விநியோகித்தால் அஞ்சு வருஷம் வரை உள்ளே. ஊசிக்குத்தானே சட்டம்? உடனே மாத்திரை, ஸ்பிரே, பவுடர் என்று கிளம்பினார்கள். இது சுத்த மொக்கை. 191 அமினோ அமிலப் புரதத்தை விழுங்கினால் வயிற்றுக்கு அது ஹார்மோனா, அவிச்ச முட்டையா என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி வெட்டி ஜீரணம் பண்ணிடும். முட்டையாவது விலை கம்மி.

பெரிய தலைகளும் சிக்கினார்கள். 2007-ல் 'ராம்போ' சில்வஸ்டர் ஸ்டாலோன் சிட்னி விமான நிலையத்தில் இறங்கினபோது, பெட்டியில் 48 குப்பி வளர்ச்சி ஹார்மோன் இருந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், கோர்ட் அபராதம் போட்டது. ராம்போவுக்கே அறுபது வயசில் இந்த ஆசை வருதுன்னா, மாமாக்களைத் திட்டி என்ன செய்ய?

2003-ல் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல்' பத்திரிகையே பொறுக்க முடியாமல் எழுந்தது. 1990-ல் வந்த மற்ற கட்டுரைகளை ஒரு வருஷத்தில் எத்தனை பேர் புரட்டுவார்களோ, அத்தனை பேர் ருட்மன் கட்டுரையை ஒரே வாரத்தில் புரட்டுகிறார்கள் என்று தலையங்கம் எழுதியது. காரணம், விளம்பரங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையைக் கைகாட்டுகின்றன. அதனால், ருட்மனை இணையத்தில் திறப்பவர்கள் கண்ணில் படும்படி எச்சரிக்கைக் கட்டுரை ஒன்றையும் கூடவே கட்டிவிட்டது. எழுதியவர் மேரி லீ வான்ஸ். 1990-ல் ருட்மன் கட்டுரை வந்த அதே இதழில் 'அவசரப்படாதீங்க' என்று எழுதியவரும் இவரேதான். பதிமூணு வருஷம் கழித்து அதையே திரும்ப எழுத வேண்டிய நிலைமை!

2019-ல் கதை ரீமேக் ஆனது. கலிஃபோர்னியாவில் ஒன்பது ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனோடு இரண்டு மருந்துகளையும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வயசானால் சுருங்கிவிடும் தைமஸ் சுரப்பி மறுபடி துளிர்த்த மாதிரி தெரிந்தது. டி.என்.ஏ. அடையாளங்களை வைத்து வயசைக் கணக்கிடும் 'எபிஜெனடிக் கடிகாரம்' சராசரியாக இரண்டரை வருஷம் பின்னால் போனது. 'உயிரியல் வயது திரும்பியது!' என்று உலகமெல்லாம் தலைப்புச் செய்தி. ஒன்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோஷ்டியே கிடையாது. ருட்மனாவது ஒன்பது பேரைச் சும்மா உட்கார வைத்திருந்தார்! செய்தவர்களே இது சின்ன முயற்சிதான், பெரிதாகச் செய்து பார்க்கணும் என்றார்கள். சுவாரஸ்யமான விஷயம்தான், நான் இல்லேங்கலை. ஆனால் ஒன்பது பேரைக் காட்டி யாராவது ஊசி விற்க வந்தால், 1990-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க.

இதுவரைக்கும் வந்தது 'ஊத்தினா என்ன ஆகும்'. இந்த ஹார்மோன் வேலையே செய்யாட்டி என்ன ஆகும்? இதற்கு விடை தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் இருக்கு. அதன் தெற்குப் பகுதி மலைக் கிராமங்களில் சுமார் நூறு பேர் இருக்கிறார்கள். வளர்ந்த ஆட்கள் நாலடியைச் சுற்றித்தான் இருப்பார்கள். லாரன் சிண்ட்ரோம். ஹார்மோன் ரத்தத்தில் தாராளமாக ஓடும்; ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டர் பழுது. டிரான்ஸ்மிட்டர் ஓகே, ரிசீவர் அவுட். ஹைமே கெவாரா-அகிர்ரே என்ற டாக்டர் இவர்களை இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் கவனித்தார். 2011-ல் வால்ட்டர் லாங்கோவோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார். குள்ளமாக இருந்த 99 பேரில் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் இல்லை. புற்றுநோய் வந்தது ஒரே ஒருவருக்கு, அவரும் அதனால் சாகவில்லை. அதே ஊர், அதே சாப்பாடு, சாதாரண உயரத்தில் இருந்த சொந்தக்காரர்களில் 5 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை, 17 சதவிகிதம் பேருக்குப் புற்றுநோய். இத்தனைக்கும் குள்ளமானவர்களில் பல பேர் நல்ல குண்டு!

'அப்போ அவங்க நூறு வயசு வாழ்ந்தாங்களா?' அதுவும் இல்லை. விபத்து, குடி, வலிப்பு, சின்ன வயசு மரணங்கள் என்று வேறு காரணங்கள் ஆயுளைத் தின்றுவிட்டன. குள்ளமாகப் பிறந்ததற்காக ஊரில் பட்ட பாடு தனி. அதனால் 'ஹார்மோனை அடைச்சா ஆயுள் கூடும்' என்று எதிர்ப்பக்கம் ஒரு விளம்பரம் கிளம்பினாலும் நம்ப வேண்டாம். பிறப்பிலிருந்தே இல்லாமல் இருப்பது வேற, இருபது வயசிலோ அறுபது வயசிலோ அடைப்பது வேற.

எலிகளில் கணக்கு தெளிவாக இருக்கு. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும்படி ஜீனை மாற்றின ராட்சத எலிகள் சீக்கிரம் கிழடாகிச் சீக்கிரம் சாகின்றன. பிறவியிலேயே அந்த ஹார்மோன் இல்லாத ஏம்ஸ் குள்ள எலிகள் சாதாரண எலியைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாக வாழ்ந்ததாக 1996-ல் ஆண்ட்ரே பார்ட்கே கோஷ்டி சொன்னது. ஒஹையோவில் ஜான் கோப்சிக் என்ற விஞ்ஞானி ரிசெப்டரையே எடுத்துவிட்ட எலிகளை உருவாக்கினார், ஈக்வடார்க்காரர்கள் மாதிரி. இதே கோப்சிக் கண்டுபிடித்த, ஹார்மோனை வாங்கவிடாமல் தடுக்கும் பொருள்தான் இன்று அக்ரோமெகாலிக்கு மருந்து.

2003-ல் உலகிலேயே அதிக நாள் வாழ்ந்த ஆய்வக எலிக்கு 'மெதுசெலா' பரிசு கொடுத்தார்கள். போட்டிக்கு வந்தது பார்ட்கே வளர்த்த, ரிசெப்டர் இல்லாத ஓர் எலி. சாதாரண ஆய்வக எலிக்கு இரண்டு, இரண்டரை வருஷம்தான் ஆயுள். இது 1,819 நாள் வாழ்ந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அஞ்சாவது பிறந்தநாள். அத்தனை நாளும் அதன் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைக்கூட அந்த உடம்பு வாங்கிக்கொள்ளவில்லை. பரிசு எலிக்குத்தான், பணத்தை வாங்கிக்கொண்டது பார்ட்கே சார்.